தலைகீழாக நட்ட கிளுவை வேலி

நாங்கள் ஆறு பேரும் ஒரே மில்லில் ஃபிட்டர்கள். துடியலூருக்கு மேற்கே ஊர்ப் புறம்போக்கில் கொஞ்சம் காடு மிச்சமிருந்தது. வெள்வேலும் உசிலையும், நடுவில் சின்னக் குட்டையும். ஞாயிறுதோறும் போய், காட்டை அடைத்து மண்டும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவோம், மரக்கன்று வைப்போம். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாத வேலைதான். வைத்த கன்றையெல்லாம் வெள்ளாடுகள் தின்றன. கடுப்பாகி, வேலி போடுகிறோம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டவன் நான்தான். ஆடிப் பதினெட்டுக்குள் வேலி துளிர்க்காவிட்டால் காடு பழையபடி மேய்ச்சலுக்கு என்று சொல்லிச் சம்மதித்தார்கள்.

வைகாசியில் கிளுவைக் குச்சிகள் வெட்டி வந்தோம். நட்டால் தானாக வேர்பிடித்து வேலியாகும் என்பது வரை தெரியும். எப்படி நடுவது என்பது மில் லைன் வீட்டிலேயே வளர்ந்த எங்களுக்குத் தெரியாது. கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. இரும்பு முளை அடித்துப் பழகிய கை. மெல்லிய நுனியைக் கூராகச் சீவி மண்ணில் நிறுத்தி, தடித்த பக்கத்தில் சுத்தியலால் அடித்தோம். நூல் பிடித்தது போல வரிசை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனி பாதி போயிற்று, சாரலும் விழுந்தது. ஒரு குச்சிகூடத் துளிர்க்கவில்லை.

எங்கள் வேலியால் மேய்ச்சலை இழந்தவர் ஆடு மேய்க்கும் ஓர் அக்கா. ஒருமுறை நான் வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியிருக்கிறேன். அவர்தான் ஒரு நாள் வேலியோரம் நின்று, ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பச்சையைக் காட்டினார்.

"ஏனுங்க, தலைகீழா நட்டுப்போட்டீங்களே. புடுங்கித் திருப்பி நடுங்க, இன்னும் உசுரு இருக்குது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் காடு அவர் ஆடுகளுக்கே திரும்பியிருக்கும். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்ததும் ஓடிவந்து, அத்தனையையும் பிடுங்கித் திருப்பி நட்டோம்.

ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் முன்னால் ஒரு குச்சியில் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்நேரம் அக்காவின் ஆடு ஒன்று எட்டி, முதல் துளிரை ஒரே கடியில் தின்றது. அவர் பதறிக் கம்பை ஓங்கினார்.

"உடுங்கக்கா. அது தின்ன மிச்சந்தானுங்க எங்குளுது."

ஆடிப் பதினெட்டன்று துளிர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் வேலிக்குத் தலையசைத்தார்கள். அடுத்த ஞாயிறு வேலியில் திறந்து மூட ஒரு படல் வைத்தோம், அவர் ஆடுகள் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்வர.