கணினியைத் தூங்கவிடாத காவல்காரர்

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையின் வாசலில் முப்பது வருஷம் இரவுக் காவல் பார்த்தவருக்கு ஆந்தையார் என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆந்தையாருடைய இரண்டு கண்களும் ஒரே சமயத்தில் இமைத்ததைப் பார்த்தவர் கிடையாது. வலது கண் மூடும்போது இடது கண் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், பிறகு முறை மாற்றிக்கொள்ளும். வாசல் விளக்கைச் சுற்றிய பூச்சிகள் அவருக்குப் பயந்து விடியும்வரை ஒரு கொட்டாவிகூட விடாமல் பறந்தன. திருட வந்தவன் ஒருவன், மனிதர் விழித்திருக்கும் அழகைப் பார்த்து மனம் இளகி, பேச்சுத்துணைக்குப் பொழுது விடியும்வரை இருந்துவிட்டு, கிளம்பும்போது சுவரேறிக் குதிக்காமல் வாசல் வழியாகவே போனானாம். இதில் பாதியையாவது நம்பலாம். எந்தப் பாதி என்பது நம்புகிறவர் சௌகரியம்.

நம்பியே தீர வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. காவல் அறையின் மேஜையில் ஒரு பொத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதை அமுக்க வேண்டும். அமுக்கத் தவறினால் மேற்பார்வையாளர் அறையில் சிவப்பு விளக்கு எரியும்; காவல்காரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். ஆந்தையார் இருந்தவரை அந்த விளக்கு எரிந்ததே இல்லை. பல்பு போயிருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு மேற்பார்வையாளர் புது பல்பு வாங்கி மாட்டினார். அதுவும் எரியவில்லை. டீ குடித்துக்கொண்டே அமுக்குவார், லாரிக்காரரிடம் வம்பளந்துகொண்டே அமுக்குவார். நாளடைவில் மூளையைக் கேட்காமலே அந்தக் காரியத்தைச் செய்யக் கை பழகிவிட்டது. அப்படிப்பட்ட கையை ஒரு நாள் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆளுக்குத்தான் ஓய்வு என்று சொன்னார்களே ஒழிய, கைக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி இருந்தாள். பகலில் தூங்கும் புருஷனுக்காகப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் துலக்கி, பெற்ற மகளை ஜாடையிலேயே திட்டி வளர்த்தவள். மகள் கல்யாணமாகிப் போனதும் தட்டச்சு கற்றுக்கொண்டு, ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பிடித்தாள். சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவு வீட்டுக் கணினிக்கு வந்து சேரும். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் தட்டி அனுப்ப வேண்டும். வாழ்நாளெல்லாம் சத்தம் போடாமல் இருந்து பழகிய காது அல்லவா, அடுத்தவர் முணுமுணுப்பதுகூட அவளுக்கு மணிபோலக் கேட்டது. அதுவரை ‘ஆந்தையார் வீட்டம்மா’ என்று கூப்பிட்ட தெரு, ‘டைப்பிஸ்டம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தது. முதல் தடவை காதில் விழுந்த அன்று, தேவையே இல்லாமல் தெருக்கோடிவரை போய் இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்தாள்.

அந்தக் கணினிதான் கழுத்தை அறுத்தது. சாட்சி ‘நான் கண்ணால பார்த்தேன்’ என்று வாயெடுப்பார். என்ன பார்த்தார் என்பதற்குள் திரை கல்லாகச் சமைந்துவிடும். மவுஸின் அம்பு நகராது, எழுத்து விழாது, உள்ளே விசிறி மட்டும் ஓவென்று இரையும். பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பாள். மறுபடி போட்டால் ஒழுங்குப் பிள்ளையாகக் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இப்படியே இரண்டு தடவை வேலை தாமதமாகிப் போனது.

அலுவலக மேலாளர் அம்மாள் போனில் கூப்பிட்டாள். “உங்க வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. ஆனா நேரத்துக்கு வரலையே. இந்த சனிக்கிழமை ஆபீஸ் மூடறதுக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

போனை வைத்தவள், ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தாள். ஆந்தையார் அதைப் பார்த்தார். தன்னால் ஆனது இனிமேல் இந்தப் பெட்டியை இன்னும் கவனமாகக் காவல் காப்பதுதான் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை காலையிலேயே மகள் வந்து இறங்கினாள். ஒரு பெரிய அலுவலகத்தில் எல்லோருடைய கணினிக்கும் வைத்தியம் பார்ப்பதே அவள் உத்தியோகம். செருப்பைக் கழற்றுமுன்பே, “எங்க நோயாளி?” என்றாள்.

“ரெண்டு மணி நேர வேலை பாக்கி இருக்குடி. உன் லேப்டாப்பையாவது கொடேன்.”

“அது ஆபீஸ் பூட்டு போட்டதும்மா. வேற எதையும் உள்ள விடாது. நகரு, பாக்கலாம்.”

கணினி அப்போதும் உறைந்துதான் கிடந்தது. மகள் பட்டனை அமுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, அது கொஞ்சம் கண் விழித்த நேரம் பார்த்து, உள்ளே ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தாள்.

“இதோ, இவன்தான்” என்றாள்.

ஆந்தையார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “யாரு, வைரஸா?”

“திருடன் இல்லப்பா, வீட்டு ஆளுதான். அம்மா சேத்து வச்சிருக்கிற அத்தனை ஃபைலுக்கும் எது எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற வேலை. நமக்குத் தெரியாம பின்னால ஓடிட்டிருக்கும்.”

“வீட்டு ஆளுன்னா ஏன் அம்மா கழுத்தைப் பிடிக்கிறான்? நிறுத்து அவனை.”

நிறுத்தினாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் அது மறுபடி பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாசல் வழியாகத் துரத்தினால் ஜன்னல் வழியாக வருகிற பூனை தோற்றது.

“துரத்தினா போகாதுப்பா. வேலை முடிஞ்சாத்தான் போகும். நியாயமா இது நாம இல்லாத நேரமா பாத்து செய்யணும். யாரும் தொடலைன்னா, ஆள் இல்ல போலிருக்குன்னு ஆரம்பிக்கும். யாராவது தொட்டா மரியாதையா நிறுத்திடும். ரொம்ப நாள் நேரமே கிடைக்கலைன்னாதான் பொறுமை போய், ஆள் இருக்கறப்பவே தலைவிரி கோலமா ஆடும். அதான் புரியல. அம்மா, ராத்திரிதான் நீ அணைச்சிடறே, மத்தியானம் எழுந்து போறதே இல்லையா?”

“போகாம? சமைக்கிறேன், சாப்பிடறேன், கண்ணயர்றேன். பெட்டி பாட்டுக்கு சும்மாதானே கிடக்கு.”

“சும்மா கிடந்தா இந்நேரம் முடிச்சிருக்குமே.”

இரண்டு பேரும் மோவாயில் கை வைத்து யோசித்தார்கள். பேச்சு நின்றது, கொஞ்ச நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. அப்போது ஆந்தையாரின் வலது கை இருவருக்கும் நடுவே பாம்புபோல நீண்டு வந்து, மவுஸை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போனது. திரை பளிச்சென்றது.

தாயும் மகளும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, இப்ப என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்?”

“மவுஸைத் தட்டினீங்களே.”

“அதுவா. தூங்கப் போச்சு, எழுப்பி விட்டேன்.” அவர் முகத்தில் பெருமை வழிந்தது. “உங்கம்மா எழுந்து போனாப் போதும், உடனே கண்ணை மூடிடுது. நான் விடுவேனா? அவ திரும்பி வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து தட்டிட்டே இருப்பேன். ஒரு நாள் கூட தூங்கவிட்டதில்ல.”

டைப்பிஸ்டம்மா நாற்காலியில் சாய்ந்தாள். “வேலியே பயிரை மேஞ்சிருக்கு, நான் ஊரெல்லாம் மாடு தேடியிருக்கேன்.”

மகள் விளக்கிச் சொன்னாள். அணைவது திரைதான், உள்ளே அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் தன் வேலையைப் பார்க்கிறது, தட்டிய ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல ஆந்தையாரின் முகத்தில் இருந்த பெருமை வடிந்து, கீழே எங்கேயோ போய்ச் சேர்ந்தது. தன் காவலில் ஒரு களவும் நடந்ததில்லை என்று இருந்தவர், தானே களவாடியதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“சரி, இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டார், குரல் இறங்கி.

“ஒண்ணும் செய்யக்கூடாது. அதுதான் வைத்தியம். சில மணி நேரம் யாரும் தொடாம விட்டுட்டா அதுவே முடிச்சிடும். சாயங்காலத்துக்குள்ள முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படியே வச்சுத் தட்டினா நிச்சயமா முடியாது.”

டைப்பிஸ்டம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கையில் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் தூக்கி அந்தப் பெட்டிக்கே தாரை வார்ப்பதா? “ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுப்போம்” என்று எழுந்துவிட்டாள்.

“நான் காவல் இருக்கேன். ஒரு ஈ தொடாது” என்றார் ஆந்தையார்.

கணினிக்கு எதிரே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். திரை மங்கியது, அணைந்தது. கன்னங்கரேல் என்ற அந்தத் திரையில் அவருடைய முகமே தெரிந்தது. மேற்பார்வையாளர் அறையில் சிவப்பு விளக்கு எரிவதுபோல அவருக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. பல்லைக் கடித்தார். விட்டத்தைப் பார்த்தார். மனதுக்குள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கேயோ தடுமாறியபோது திரை பளிச்சென்று எரிந்தது.

அடுப்படியிலிருந்து மகள் வந்து நின்றாள். “அப்பா.”

“நான் தொடலை.”

“பின்னே?”

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுதான்.”

“கயித்துல கட்டிடலாமா?” என்றாள் மனைவி.

“கட்டு” என்றார் அவர். கேலி அவருக்கு உறைக்கவே இல்லை. இரண்டு கையையும் நிஜமாகவே சேர்த்து நீட்டினார்.

நீட்டிய கைகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. “கட்ட வேண்டாம். செருப்பை மாட்டுங்க. எல்லாரும் வெளியே கிளம்புவோம்.”

வீட்டைப் பூட்டிச் சாவியை அவளே இடுப்பில் செருகிக்கொண்டாள். மகள் முன்னால் போய்விட, இருவரும் பின்னால் நடந்தார்கள். இரவில் அவரும் பகலில் அவளுமாக விழித்திருந்து குடும்பம் நடத்தியவர்கள். மத்தியான வெயிலில் சேர்ந்து நடந்து இருவருக்கும் பழக்கமில்லை. அவர் காலை எட்டிப் போட்டார், அவள் பின்தங்கினாள். பிறகு அவர் நின்று நின்று நடந்தார்.

“உன் வேலை போச்சுன்னா அது என்னாலதான்” என்றார்.

“போனா ரெண்டு பேராலயும். ஆடினப்பல்லாம் பட்டனை அமுக்கிக் கழுத்தை நெரிச்சது நான்தானே. பாவம், அதை ஒரு நாளாவது முடிக்க விட்டோமா?”

ஆந்தையாரின் கால்கள் பழைய வழியிலேயே போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றன; முன்னால் போன மகளும் திரும்பி வந்தாள். பகல் காவலுக்கு வந்திருந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தான். ஆந்தையாருக்கு ரத்தம் கொதித்தது. கை தானாக நீண்டது. மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்க. உள்ள ஏதாவது வேலை நடந்துட்டிருக்கும்.”

மகள்தான் முதலில் சிரித்தாள். ஆந்தையார் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் அவன் எழுந்துவிடாதபடி, வாயைப் பொத்திக்கொண்டு.

வெயில் தாழ்ந்து அவர்கள் வீடு திரும்பியபோது அறைக்குள் மகள் மட்டும் போனாள். மற்ற இருவரும் கதவோரம் நின்றார்கள். உள்ளே விசிறியின் இரைச்சல் இல்லை.

“அம்மா, வா. முடிச்சிட்டுப் படுத்துட்டான்.”

டைப்பிஸ்டம்மா உட்கார்ந்தாள், காதில் மாட்டினாள், தட்ட ஆரம்பித்தாள். ஆந்தையாருக்கு அறைக்குள் வர அனுமதி இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோலச் சடசடவென்று வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. அவருக்கு மூச்சும் நின்றது. மெல்ல எழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தார். அவள் மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டாள். மறுபடி சடசடத்தது.

அனுப்பி முடித்தவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சின்னதாகத்தான் வந்தது: ‘நேரத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை அடுத்த பதிவு அனுப்புகிறேன்.’

“என்னங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட்டு, அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். ‘திங்கட்கிழமை’ என்ற இடத்தில் நிறுத்தி, அவளைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றபடியே, இன்னொரு தரம் படித்தார்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானத்தில் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எங்கே என்று யாராவது கேட்டால், “வீட்டுல வேலை நடக்குது. நாங்க இருந்தா அவங்களுக்கு இடைஞ்சல்” என்கிறாள் டைப்பிஸ்டம்மா. அவர்கள் மாடி எடுத்துக் கட்டப் போகிறார்கள் என்று தெருவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் கொத்தனார் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.