நீலக் கேனில் இருந்தது

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் பெருமையாகத் தோன்றும். உண்மையில் அதில் பாதிதான் எங்களுடையது. மறுபாதி அம்மாவின் தம்பியுடையது. நகரியில் இரண்டு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த நைனாவும் (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்), அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்த மாமாவும் சேர்ந்து, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிச் சலித்த ஒரு வெள்ளைப் பெட்ரோல் காரை வாங்கினார்கள். மொட்டை போடப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் இறக்கிவிட்டு வருவது மாமாவின் வேலை. நைனா தறியை விட்டு நகரமாட்டார். ஆனால் தினமும் காலையில் காரைத் துடைத்து, கிளப்பி, தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவார். அந்த ஒரு சுற்றில் கார் ஒருநாளும் திக்கியதில்லை.

திக்கியதெல்லாம் மாமாவிடம்தான். அதுவும் கோடையில், வெயில் ஏறிய பிறகு, திருப்பதி போகும் வழியில். முதல்நாள் மழை பெய்து, மறுநாள் காற்றே இல்லாமல் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் பாருங்கள், அப்படிப்பட்ட நாட்களில் தவறாமல் திக்கும். இரண்டு முறை விக்கும், உடம்பைக் குலுக்கும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

நைனா மூன்று முறை நகரி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். கார்பரேட்டரைக் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் குழாயை வாய் வைத்து ஊதினார்கள். மாமா ஒவ்வொரு முறையும் நைனாவிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

“காயில்தான் சூடாவுது மாமா. மத்தியானத்துல வந்து பாக்கச் சொல்லுங்க.”

காயில் என்பது பேட்டரியின் மின்சாரத்தை எஞ்சினுக்கு வேண்டிய பொறியாக்கிக் கொடுக்கிற, ஒரு டம்ளர் அளவுள்ள உருளை. மெக்கானிக் அதன் ஒயரைப் பிடுங்கி இரும்பருகில் காட்டினார். நீலநிறப் பொறி படபடவென்று பறந்தது. அப்போது காலை எட்டு மணி. “காயில் நல்லா கீது. வண்டி சுத்தமா கீது. ஓட்றவங்களக் கேளுங்க” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் நைனாவின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் இயல்பே அப்படி. தறியில் நூல் அறுந்தால்கூட, அது தானாக அறுந்தது என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. யாரோ இழுத்திருக்க வேண்டும். தறிக்காரர் ஒருவர் வேறு, பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டுக் கிரஸினைக் கலக்கிற டிரைவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நைனா மூக்கை லேசாக உறிஞ்சுவார். அம்மா ஒருபக்கம் காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். அவளுக்கு எதிர்வீட்டுக்காரியின் கண்மேல் சந்தேகம். கார் ஒன்றுதான், ஆளுக்கொரு திருடன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. ஒருநாள் நைனா என்னைத் தறிக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டுத்தான் பேசினார் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எனக்காக அவர் தறியை நிறுத்தியதே இல்லை.

“நாளைக்கி மாமாகூட கார்ல போய்ட்டு வா. எங்க நிக்குது, டிக்கியத் தொறக்கறானா, யார்கிட்டப் பேசறான், எல்லாம் பார்த்துக்கினு வா. கேட்டா, சாமி பாக்க வரேன்னு சொல்லு.”

மறுநாள் நான் முன் சீட்டில், ஒரு பெரியவருக்கும் கதவுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவருடைய மனைவி, மகள், புது மாப்பிள்ளை. நான் வருவது மாமாவுக்குச் சந்தோஷம். கண்ணாடியைத் துடைக்கும் துணியை என்னிடம் கொடுத்து, “பாப்பா, இன்னிக்கி நீதான் கிளீனரு” என்றார். நான் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கிறவள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

புத்தூரில் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் கார் வெகுநேரம் ஊர்ந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. என் கவுன் சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஊர் தாண்டி, வடமாலைப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், காருக்கு விக்கல் வந்தது. மாமா முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். எதிரில் ஒரு இளநீர்க் கடை.

“ஏம்பா, இங்க வந்துதான் நிக்குமா உன் வண்டி? இளநி கடை உன் ஆளோடதா?” என்றார் பெரியவர்.

மாமா டிக்கியைத் திறந்து ஒரு நீலநிறக் கேனை எடுத்தார். நானும் இறங்கிப் பின்னால் போனேன். பானட்டைத் தூக்கினார். ஒரு பழைய துணியை நாலாக மடித்து, கேனிலிருந்து ஊற்றி நனைத்து, அந்த உருளையின்மேல் போர்த்தினார். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோலத் துணியை மாற்றி மாற்றி நனைத்தார். நான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கேனின் மூடியில் ஊற்றி எனக்கும் குடிக்கக் கொடுத்தார். வீட்டுக் குடத்துத் தண்ணீர். மூன்று மூடி குடித்தேன். பத்து நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் நைனா மறுபடியும் தறிகளை நிறுத்தினார்.

“வடமாலப்பேட்ட கிட்ட நின்னுச்சி நைனா. மாமா டிக்கியத் தொறந்து கேன எடுத்து ஊத்துனாரு.”

“என்ன கேனு?”

“நீலக் கேனு.”

எங்கள் வீட்டில் ரேஷன் கிரஸின் பிடிக்கிற கேனும் நீலம்தான். நைனா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து என் தலையில் கையை வைத்தார். அப்படி ஒரு கனம் அந்தக் கைக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் என்ற ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன். அதைச் சொன்னால் கை எடுபட்டுவிடும் என்று தோன்றியதும் உண்மை.

மறுநாள் காலை மாமா சாவிக்காக வந்து நின்றபோது, சாவி நைனாவின் அரைஞாணில் தொங்கியது.

“இன்னிலேர்ந்து நானே ஓட்டிக்கறேன்.”

“ஏன் மாமா, என்னாச்சி?”

“கேன்ல என்னாத்த வச்சிக்கினு சுத்தற?”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். “தண்ணி மாமா. காயிலுக்கு ஊத்தறது.”

“தண்ணி ஊத்தி எவனாச்சும் கார் ஓட்டுவானா? யாருக்குக் காது குத்தற?”

அம்மா அடுப்பை விட்டு வந்து நின்றாள். மாமாவின் சிரிப்பு போய்விட்டது. அவர் என் பக்கம் திரும்பி, “பாப்பாவக் கேளுங்க. அதுவும் அதைத்தான குடிச்சுது” என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அன்று எழுந்ததிலிருந்தே அந்தத் தண்ணீரில் லேசாகக் கிரஸின் வாசனை வந்த மாதிரி எனக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. நைனா அவ்வளவு நிச்சயமாக இருக்கும்போது, மாமா எனக்கு மட்டும் வேறு எதையோ ஊற்றிக் கொடுத்து ஏமாற்றியிருக்கலாம் அல்லவா? என்னைக் கிளீனர் என்றதுகூட அதற்காகத்தானோ?

“எனக்குத் தெரியாது” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கார் பேப்பர்களை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, “வரேன்க்கா” என்று தெருவில் இறங்கினார்.

அவர் திருப்பதியில் யாரோ ஒருவரிடம் மலைக்குப் போகிற ஜீப் ஓட்டுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். பதினைந்து நாள் அம்மா நைனாவுடன் தேவைக்குமேல் பேசவில்லை. அப்புறம் திருப்பதியில் ஒரு கல்யாணம் வந்தது. நைனா தன் கண்ணெதிரே பெட்ரோல் போடவைத்து, டிக்கியைக் காலி செய்து, எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றும் காற்றில்லை. வடமாலைப்பேட்டை ஊருக்குள் நுழையும்போது காருக்கு விக்கல் வந்தது.

நைனா இறங்கிப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். “போறதுக்கு முன்னாடி என்னமோ பண்ணிட்டுப் போய்க்கீறான்” என்றார்.

“அவன் இதத் தொட்டுப் பதினஞ்சு நாளாச்சி” என்றாள் அம்மா. பின் சீட்டிலிருந்து அவள் பேசியது அது ஒன்றுதான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பழைய பேட்டரிகள் அடுக்கிய ஆட்டோ எலக்ட்ரிக் கடை. நைனாவும் நானும் தள்ளிக்கொண்டு போனபோது அங்கே ஒரு பெண்தான் இருந்தாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு ஒரு டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?” என்றார் நைனா.

“அவரு துன்னப் போய்க்கீறாரு. வர்ற வரைக்கும் வண்டி சூடா நிக்குமா? ஆறிடுச்சின்னா அப்புறம் பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு.”

நைனாவுக்கு அவள்மேலும் சந்தேகம்தான். அவள் கைகளையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் பானட்டைத் தூக்கி, காயிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். ஒயரைப் பிடுங்கி இரும்பருகில் பிடித்தபடி, நைனாவைச் சாவி போடச் சொன்னாள். பொறி வந்தது, நீலமாக இல்லை. ஊதுபத்தி நுனியைப்போல மங்கலாக, செம்மஞ்சளாக, ஒன்று விட்டு ஒன்று. “நீள்ளு தே பாப்பா” என்று குடத்தைக் காட்டினாள். நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். ஈரத் துணியைச் சுற்றினாள். ஆவி எழும்பியது. சிறிது நேரம் கழித்து மறுபடி சாவி. நீலப் பொறி படபடவென்று பறந்தது.

“காயில் உள்ள போய்டுச்சி. குளிர்ச்சியா இருந்தா வேல செய்யும், சூடானா செத்துடும். காத்து அடிச்சாத் தப்பிச்சிக்கும். இந்தப் புழுக்கத்துல சூடு எங்க போவும், உள்ளயே நின்னுடுது. காலைல காட்டினா எவனுக்குத் தெரியும்?”

“கிரஸின் கலந்தா இந்த மாதிரி ஆகாதா?” நைனா விடவில்லை.

“கலந்தாப் பொகையும், நாறும். இங்க பொறிதான சாவுது, பெட்ரோல் என்ன பண்ணுச்சி?” என்றவள், காயிலின் மேல் வரிவரியாகப் படிந்திருந்த வெள்ளைக் கறையை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். “பாருங்க, தண்ணி காஞ்ச கறை. யாரோ பல தடவ ஈரத்துணி போட்டுப் போட்டு ஓட்டிக்கீறாங்க. வெவரம் தெரிஞ்ச ஆளு. யாரு ஓட்டினது?”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் துடைத்த கையோடு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“மாமா” என்றேன் நான்.

புதுக் காயில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டதும் நைனா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு அலிபிரிக்குப் போனார். ஜீப்புகள் நிற்கிற இடத்தில் தேடி மாமாவைக் கண்டுபிடித்தோம். நைனாவைப் பார்த்ததும் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“காயில்தான்டா. மாத்தியாச்சி. நாளைக்கி வந்து வண்டிய எடு” என்றார் நைனா. அதற்குமேல் அவருக்கு வரவில்லை. அவர் வாழ்க்கையில் அதுவே மிக நீளமான மன்னிப்பு என்று இப்போது தெரிகிறது.

“சரிங்க மாமா, பாக்கலாம்” என்றார் மாமா. எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் வரவில்லை. நைனா அந்தக் காரை இன்னும் இரண்டு வருடம் ஓட்டினார். புழுக்கமோ மழையோ, அது ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. மாமா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அம்மாவுக்குப் புடவை, எனக்குப் பாவாடைத் துணி. நைனா எழுந்து அவருக்கு நாற்காலி போடுவார். மாமா அதன் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, இலையில் வைத்ததைச் சாப்பிட்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்புவார். முன்பெல்லாம் அவரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். இப்போது எவ்வளவு மரியாதையாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படி ஒரு தீபாவளி அன்று அவர் கிளம்பியபோது நைனா சாவியை எடுத்துக்கொண்டு வந்து, “வா, பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வரேன்” என்றார்.

“வேணாம் மாமா. நடந்தே போய்க்கறேன்” என்றார் மாமா.

காருக்குப் பழைய கோளாறு இருக்கிறது என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்து, நான் அவர் பின்னாலேயே தெருவில் ஓடினேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, “பயப்படாத மாமா, இப்ப நிக்கறதே இல்ல. எவ்ளோ வெயில் அடிச்சாலும் நல்லா ஓடுது” என்றேன்.

மாமா நின்றார். என் தலையில் கையை வைத்து, “தெரியும் பாப்பா” என்றார். பிறகு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

வீட்டு வாசலில் நைனா காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்னதான் வேண்டுமாம் இவருக்கு என்று மாமாவின்மேல் எனக்குக் கோபமாக வந்தது.