பெங்களூரை ஓரங்கட்டிய வெங்கடம்மாள்

ஒரு காரியத்தைச் செய்யாதே என்று வெங்கடம்மாளிடம் சொல்வதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. கூடப் பிறந்த அண்ணன் முனிவேலுக்கே தலை நரைத்த பிறகும் இது உறைக்கவில்லை.

ஜவளகிரியில் நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். கடைசித் தங்கை மாதேஸ்வரி, போர்வெல் லாரியோடு வந்த ஒரு தெலுங்குப் பையனைக் கட்டிக்கொண்டு கடப்பா பக்கம் போய்விட்டாள். "இனி இந்த வீட்டுக்குள்ள அவ குரல் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் முனிவேல். ஓசூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது பெட்டி படுக்கையோடு அந்தச் சட்டத்தையும் மறக்காமல் எடுத்து வந்தார். கணவனை இழந்து, ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துப் பிழைக்கும் வெங்கடம்மாள் அதே வீட்டின் மாடி அறையில் இருந்தாள். தங்கையோடு பேச வேண்டுமென்றால் கேன்டீனுக்குப் போய்த்தான் போனில் பேசுவாள். அது அவளுக்கு அவமானமாக இருந்தது. சொந்தத் தங்கையோடு பேச, திருடியைப்போலப் பதுங்க வேண்டுமா?

அப்படிப் பேசிய ஒருநாள்தான் மாதேஸ்வரி சொன்னாள், வரும் ஞாயிறு சாயங்காலம் கடப்பா ரேடியோவில் பாடப் போவதாக.

"யாரயாவது போன்ல பதிஞ்சி அனுப்பச் சொல்லுக்கா. காதுல மாட்டிக் கேட்டுக்க" என்றாள் கூட வேலை செய்யும் சுகுணா.

"ஒளிஞ்சி கேக்கறதுக்கு அவ என்னா குத்தம் பண்ணா? அந்த வீட்டுக்குள்ள, எங்கண்ணன் காதுல விழற மாதிரிதான் கேக்கப் போறன்."

குந்தாரப்பள்ளி சந்தையில் பழைய ரேடியோ ஒன்று கிடைத்தது. ரேடியோ வந்ததே தவிர கடப்பா வரவில்லை. மீடியம் வேவில் முள்ளை எங்கே நகர்த்தினாலும் பெங்களூர்தான். பக்கத்து ஊர், பெரிய டவர், கேட்கவா வேண்டும்? தன் இடத்தில் ஒலிப்பது போதாதென்று இருந்த இடத்தையெல்லாம் வளைத்துக்கொண்டது. கடப்பா வர வேண்டிய இடத்திலும் அதே கன்னடச் செய்திதான். வெங்கடம்மாளுக்குக் கன்னடம் பகையில்லை, கேன்டீனில் பாதிச் சண்டையை அதில்தான் போடுகிறாள். ஆனால் தங்கச்சி பாட்டின்மேல் ஏறி உட்கார்ந்தால் அது எந்த மொழியாக இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

ரேடியோவுக்குச் சிக்னல் போதவில்லை என்று நினைத்தாள். மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி வாங்கி, மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை இழுத்துக் கட்டி, நுனியைப் பெட்டியின் பின்னால் ஏரியல் துளையில் செருகினாள். பெங்களூர் இன்னும் பலமாகக் கத்தியது. மேலும் கொஞ்சம் கம்பி சேர்த்தாள், மேலும் கத்தியது. பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், ஒரு மாற்றமும் இல்லை. நிரம்பிய வாய்க்குள் இன்னொரு கவளத்தைத் திணிக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் முனிவேல் மாடிக்கு வந்தார்.

"எதுக்குடி இந்தக் கம்பி?"

"மாதேஸ்வரி ரேடியோல பாடறா. கேக்கணும்."

பொய் சொல்லித் தப்பிப்பது அவள் பழக்கமில்லை. முனிவேல் கீழே போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, கம்பியைப் பட்டென்று நறுக்கிவிட்டு இறங்கினார்.

வெங்கடம்மாள் ஆத்திரத்தில், செருகியிருந்த மிச்சக் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். அறையில் விட்டால் ரேடியோவையும் தூக்கிப் போய்விடுவார் என்று, கத்திக்கொண்டிருந்த பெட்டியைக் கையில் பிடித்தபடியே சண்டைக்குக் கீழே வந்தாள். கூடத்தில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி வெள்ளையம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பிய அறுத்துட்டா விட்டுருவனா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். கன்னடக் குரல் சட்டென்று தணிந்தது. அண்ணி பக்கம் திரும்பியதும் மறுபடி ஏறியது.

வந்த சண்டை மறந்துபோனது. பெட்டியை மெல்ல, மிக மெல்லத் திருப்பினாள். அதன் ஒரு முனை, பெங்களூர்ப் பக்கம் இருந்த வாசலைப் பார்த்து நின்றபோது பெங்களூர் அடங்கிப்போய், இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு தெலுங்குக் குரல் எழுந்து வந்தது. கம்பி இருந்தவரை, பெட்டியை எப்படித் திருப்பினாலும் பெங்களூர் கம்பி வழியாக உள்ளே புகுந்துகொண்டிருந்தது. இப்போது பெட்டிக்குள் இருக்கும் சிறு ஏரியல் மட்டும்தான். அதன் முனையை எந்த ஊர்ப்பக்கம் நீட்டுகிறோமோ, அந்த ஊர் அதற்குக் கேட்காது. எல்லாம் முனிவேல் அறுத்துக் கொடுத்த புண்ணியம்.

மாடிக்கே போய் நிம்மதியாகக் கேட்டிருக்கலாம். அவள் கூடத்தின் நடுவில் காலை ஊன்றி நின்றாள்.

"ஆஃப் பண்ணு" என்று எழுந்தார் முனிவேல்.

"கிட்ட வராதண்ணா. தொட்டா பெட்டி திரும்பிக்கும், பெங்களூர் வந்துரும்."

"வந்தா வரட்டும்" என்று அவர் கையை நீட்டியபோது, உங்களுக்கு எந்த ஊர் என்று நிலையத்துக்காரர் தெலுங்கில் கேட்டார். பதில் சொன்ன குரலை அந்த வீட்டில் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"மாதி ஜவளகிரி. முனிவேல் செல்லெல்னி."

ஜவளகிரிக்காரி, முனிவேலின் தங்கை. புருஷன் பேரைச் சொல்லியிருக்கலாம், இருக்கும் ஊரைச் சொல்லியிருக்கலாம். தன் பேரையே வாயில் எடுக்காத அண்ணன் பேரைச் சொன்னாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மாதேஸ்வரி பாட ஆரம்பித்தாள். வெள்ளையம்மா அவரைக்காயை விட்டுவிட்டாள். ரேடியோவை ஒரே நிலையில் பிடித்துப் பிடித்து வெங்கடம்மாளின் கை மரத்துப்போய், பெட்டி லேசாகச் சாய்ந்தது. பாட்டின்மேல் பெங்களூர் வந்து அமர்ந்துகொண்டது.

"திருப்பு" என்றார் முனிவேல்.

"எதுக்கு? அவ குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னியே."

"பாட்டு போவுது. திருப்புடி."

வெங்கடம்மாள் திருப்பினாள். திருப்பிவிட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.