அது தண்ணி இல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சி கம்பெனி. புரதப் படிகத்தின் எக்ஸ்ரே மேப்பைப் பார்த்து அணுக்களை அதனதன் இடத்தில் வைப்பது என் வேலை. கடைசியில் ஒரு பட்டனைத் தட்டினால், மேப்பில் அணு வைக்காமல் மிச்சமுள்ள குமிழ்களில் எல்லாம் சாஃப்ட்வேரே நீர் மூலக்கூறு வைத்துவிடும். எங்கள் லேபில் அதற்குப் பெயர் தண்ணி போடுவது.

"இன்னா மேடம், காலைலயே தண்ணி போட்டாச்சா?" என்று கலாய்ப்பான் கெமிஸ்ட் முருகன். ஆவடி குவார்ட்டர்ஸ் பையன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் அணு வைத்து முடித்த படத்தை வைத்துத்தான் அவன் மருந்து மூலக்கூறு செய்வான்.

ஒரு படத்தில், புரதத்தில் மருந்து உட்கார வேண்டிய குழியில் இருந்த தண்ணி என்னை உறுத்தியது. தண்ணீருக்கும் மெக்னீசியம் அயனிக்கும் எலக்ட்ரான் பத்துப் பத்துதான். மேப்பில் இரண்டும் ஒரே குமிழ். அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் தள்ளியே நிற்கும். இதுவோ ஆறு பக்கமும் ஆறு ஆக்சிஜனை நெருக்கிப் பிடித்திருந்தது.

"சார், இது மெக்னீசியம். படிகத்த மாங்கனீஸ்ல ஊறவெச்சு இன்னொரு டேட்டா எடுத்தா தெரிஞ்சிடும்" என்றேன் மேனேஜரிடம்.

"கிளையண்ட்டுக்கு அனுப்பியாச்சும்மா. இப்பப் போய் மாத்தினா நம்மள என்னன்னு நெனப்பான்? விடுங்க."

முருகனிடமும் சொன்னேன். "அந்தத் தண்ணிய வெளிய தள்றாமாரி மருந்து செய்யச் சொல்லிட்டாரு மேடம். நான் இன்னா பண்றது?" என்றான்.

தண்ணீரென்றால் தள்ளலாம். மெக்னீசியம் நகருமா? அவன் செய்த எதுவும் குழியில் ஒட்டவில்லை. பிராஜெக்டை மூடி, முருகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜருக்கு வேறு பிராஜெக்ட் கிடைத்தது.

பிறகு வேறொரு வேலைக்காக அதே படிகத்தை மாங்கனீஸில் ஊறவைத்தோம். நான் சொன்ன இடத்தில் மாங்கனீஸ் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. உலோகம் இருந்த இடத்தில்தான் அது அப்படி உட்காரும். உடனே முருகனுக்குப் போன் போட்டேன்.

"அப்போ தண்ணி இல்லியா மேடம்?" என்றான். "வேல ஏன் போச்சுன்னு பொண்ணூட்ல கேட்டாங்கோ. கடுப்புல, தண்ணி போட்டதுல போச்சுன்னு சொல்லிட்டேன். சம்பந்தமே வேணாம்ட்டாங்கோ. எங்கப்பாவும் என்னாண்ட பேசறதில்ல."

அவன் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கே போனேன். "ஐயா, உங்க பையன் குடிக்கறவன் இல்ல. தண்ணி போட்டது கம்ப்யூட்டர். அதுவும் தண்ணி இல்ல, மெக்னீசியம்."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நல்ல மனசும்மா உங்களுக்கு. கூட வேல பாத்தவன விட்டுக்குடுக்க மாட்டேங்கறீங்க" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: பட்டனைத் தட்டியதோடு எழுந்து போகாதீர்கள், ஒவ்வொரு தண்ணிக்கும் அக்கம்பக்கம் பாருங்கள். பார்த்து நான் என்ன கிழித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கிளையண்ட்டிடம் உள்ள படத்தில் அது இன்னும் தண்ணிதான். ஆவடியிலும் தண்ணிதான்.