துப்பட்டா இல்லாமல் கரையேற மாட்டாள்

அபிராமபுரத்தில் கீரைக்காரர் குரல் கேட்டால், அம்மா நைட்டி மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்குப் போவாள். போன வருடம் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போனபோதும் அதே கதைதான். தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கிக்கொடுத்த நீச்சலுடை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருந்தது. அதற்கு மேலும் துப்பட்டா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துப்பட்டாவோட தண்ணியில இறங்கக் கூடாதும்மா" என்றார், நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொண்ட நம்மூர் ஊழியர். அம்மா அதை நாற்காலியில் வைத்துவிட்டு, சட்டென்று இறங்கிக் கழுத்தளவு நீரில் ஒளிந்துகொண்டாள்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண், முகம் வாடித் திரும்பி வந்தாள். பிகினியோடு உள்ளே விடமாட்டார்களாம். அம்மா நாற்காலியைக் கைகாட்டி, "எடுத்துக் கட்டிக்கோம்மா" என்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. துப்பட்டாவை மார்போடு சுற்றிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

எனக்கும் பசித்தது. "வாம்மா, நாமளும் சாப்பிடப் போலாம்" என்றேன்.

"துப்பட்டா இல்லாம எப்படிடீ வெளிய வர்றது? அவ நிதானமா சாப்பிடட்டும்" என்று சொல்லி, அம்மா என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள்.