இன்டர்வியூ சப்பாத்து

போன மாதம் ஒரு காலை. நுவரெலியாவில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆபீஸ் வராந்தா. நான் முழங்காலில் உட்கார்ந்து கறுப்புத் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தூள் என்று நினைத்துவிடாதீர்கள். சப்பாத்துத் தூள், அதாவது ஷூ உதிர்ந்த தூள். என் மச்சான் யோகுவின் சப்பாத்து, அவன் நடந்து வந்த வழியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பக்கத்து அறையில் அவனுக்கு இன்டர்வியூ. இந்த வாரப் பத்தியில் சிரிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்... எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

யோகு என் மனைவியின் தம்பி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் — தொழிலாளர் வரிசை வீட்டில் — பிறந்து, அதே தோட்டத்து ஃபேக்டரியில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தவன். கொழுந்து வாட்டுவதிலிருந்து தூள் சலிப்பது வரை அவன் கை படாத வேலை அங்கே கிடையாது. ஆபீசர் லீவு போட்டால் ஃபேக்டரி அவன் தலையில்தான் ஓடும். ஆனால் பெயர் மட்டும் தொழிலாளி. இந்த இன்டர்வியூவில் தேறினால் அவனும் ‘ஸ்டாஃப்’, மாதச் சம்பள உத்தியோகத்தன். லயத்து ஒற்றை அறைக் காம்பராவை விட்டு குவார்ட்டர்ஸுக்குப் போகலாம். பிள்ளைகள் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்காமல் படிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்னாலேயே ஒரு தடவை அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது ஹட்டனில் என் வீட்டுக்கு வந்தான்.

“மச்சான், ஒரு நல்ல சப்பாத்து எடுக்கணும். நீங்களும் வாங்க.”

“சேட்டு, கால்சட்டை எல்லாம் இருக்கா?”

“அதெல்லாம் இருக்கு. சப்பாத்துதான் முக்கியம். எங்க அப்பா துரை ரூம் வாசல்ல செருப்ப கழட்டிட்டு நின்னே ரிட்டயர் ஆனாரு. நான் சப்பாத்தோட உள்ள போகணும். அவ்வளவுதான்.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்தில் போர்டில் ‘மேனேஜர்’ என்று எழுதியிருக்கும். வாயில் இன்னும் துரைதான். துரை ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றுவது எங்கள் அப்பாமார் காலத்துச் சட்டம் — எழுதாத சட்டம். எங்கள் காலத்தில்தான் அது நின்றது. போராட்டம், கோஷம் ஒன்றும் இல்லை. ஒருவன் கழற்றாமல் போனான். மறுநாள் இன்னொருவன் கழற்றாமல் போனான். அப்படியே ஓய்ந்துவிட்டது. அதனால் யோகு கேட்டது எனக்கு உடனே புரிந்தது.

கடைக்குப் போனோம். முதல் கடைப் பையன் யோகுவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். “தோட்டமா?” என்றான். பதிலுக்குக் காத்திராமல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் ஜோடியை எடுத்துப் போட்டான். “கல்யாணத்துக்கு எல்லாரும் இதத்தான் எடுக்கிறாங்க.” சப்பாத்தை மதிப்பிட நாம் கடைக்குப் போகிறோம். நாம் உட்காருவதற்குள் கடை நம்மை மதிப்பிட்டு முடித்துவிடுகிறது. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை எனக்குத் தெரிந்த முஸ்லிம் முதலாளி ஒருவருடையது, நானா என்று கூப்பிடுவோம். அங்கே என் வித்தையையெல்லாம் காட்டினேன். சப்பாத்தின் மூக்குப் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள் — தோல் என்றால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும், ரெக்சின் என்றால் காகிதம் மாதிரி மடிப்பு நிற்கும். நாக்கைத் தூக்கி வெட்டு விளிம்பைப் பாருங்கள் — தோலுக்குப் பிசிர் இருக்கும். சோலைச் சுற்றி ஓடும் தையல் நிஜத் தையலா, அச்சில் வார்த்த கோடா? நகத்தால் நெருடினால் தெரிந்துவிடும். கையை உள்ளே விட்டு லைனிங்கைத் தடவுங்கள். முக்கியமாக அகலம். வெறுங்காலோடு மலை ஏறி வளர்ந்த கால் விசிறிக்கொண்டுதான் இருக்கும். கடைக்காரர் “போகப் போக இளகும்” என்று சொன்னால் நம்பாதீர்கள். இளகாது. கடிக்கும்.

அத்தனை பரீட்சையிலும் ஒரு ஜோடி பாஸானது. நல்ல கறுப்புத் தோல். சோல் கையில் எடுத்தால் கனமே இல்லை. யோகு போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு நடை நடந்தான். நிற்கும் விதமே மாறிவிட்டது.

அப்புறம் என்ன? நாட்டில் டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை என்று எல்லோரும் வரிசையில் நின்ற காலம் வந்தது. இன்டர்வியூ நின்றுபோனது. சப்பாத்து பெட்டிக்குள் போனது.

பெட்டி என்றால் சும்மா பெட்டியா? மூக்குக்குள் பேப்பர் திணித்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, அலுமாரியின் மேல்தட்டில். தீபாவளிக்குத் தீபாவளி இறக்கிப் பாலிஷ் போடுவான். திரும்பவும் கட்டி ஏற்றிவிடுவான். “கோயில் திருவிழாவுக்காச்சும் போடுங்களேன்” என்று அவன் மனைவி சாந்தி கெஞ்சியிருக்கிறாள். “அது இன்டர்வியூ சப்பாத்து” என்பானாம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே செருப்போடுதான் நின்றான்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஷோகேசில் யாருமே டீ குடிக்காத கப் செட் ஒன்று இல்லையா? உறை பிரிக்காத பெட்ஷீட் இல்லையா? நல்ல பொருளை நாம் பாவிக்க வாங்குவதில்லை. வைக்க வாங்குகிறோம். நல்ல நாள் என்று ஒன்று வரும், அதுவரை வெறுங்காலோடு சமாளித்துக்கொள்ளலாம் என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

அந்த நல்ல நாள் போன மாதம் வந்தது.

லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பாதை முழுக்கச் சேறு. எங்கள் பக்கத்தில் டவுனுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. செருப்போடு சேற்றில் இறங்கி வருவார்கள். சந்தி டீக்கடையில் காலைக் கழுவி, பையிலிருக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கடை பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். யோகுவும் அப்படித்தான் செய்தான். தலவாக்கலையில் நான் வந்த பஸ்ஸில் ஏறினான். சப்பாத்தில் முகம் பார்க்கலாம். அப்படி ஒரு பாலிஷ்.

நுவரெலியாவில் இறங்கி ஆபீசுக்கு நடக்கும்போது, “மச்சான், ரோடு மெத்து மெத்துன்னு இருக்கு” என்றான். பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆபீஸ் வராந்தாவில் ஏறியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தான். குனிந்து பார்த்தால் இடது குதி தனியாகக் கழன்று கிடக்கிறது. தொட்டேன். ஊறிய பிஸ்கட் மாதிரி பிய்ந்து வந்தது. வலது காலும் அப்படியே. மேலே தோல் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

என் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் காலுக்கு அது பாதிதான். “இதோட போனா இன்னும் கேவலம் மச்சான்” என்று தள்ளிவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் சப்பாத்தைக் கழற்றினான். இரண்டையும் சேர்த்து வாசல் ஓரமாக, சோல் தெரியாதபடி வைத்தான். புதுச் சாக்ஸோடு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. நான் குனிந்து தூளைப் பொறுக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய?

திரும்பி வந்தவன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். டவுனில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தோம். நானு ஓயா தாண்டியதும் சொன்னான்.

“துரை மொதல்ல என் காலத்தான் பாத்தாரு மச்சான்.”

“திட்டுனாரா?”

“சிரிச்சாரு. ‘யோகநாதன், சப்பாத்து வெளியிலயா? ஹரி ஹொந்தய்’னாரு, ரொம்ப நல்லதுன்னு. பக்கத்துல இருந்தவருகிட்ட சிங்களத்துல சொன்னாரு, இந்த மாதிரி மரியாத தெரிஞ்ச ஆளுக இப்ப கெடைக்கிறதில்லன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஃபேக்டரியப் பத்திக் கேட்டாங்களா?”

“ரெண்டு கேள்வி கேட்டாங்க. நல்லாத்தான் சொன்னேன். யாரும் நிமிந்து பாக்கல.”

அப்பாமார் கழற்றியது பயத்தில். இவன் கழற்றியது வெட்கத்தில். நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டும் மரியாதையாகத்தான் தெரிகிறது.

சப்பாத்தை நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், சண்டைக்குத்தான். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “போடாம வச்சிருந்தீங்களா?” என்றார். “இந்த சோல் நடந்தா வருஷக்கணக்கா கெடக்கும். நம்ம ஊரு ஈரத்துல பெட்டிக்குள்ள வச்சா உளுத்துரும். தோட்டத்துல இருந்து வர்ற நல்ல சப்பாத்து முக்கால்வாசி இப்படித்தான் வருது. தேஞ்சு வர்றதில்ல, வச்சிருந்தே கெட்டு வருது.”

சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

ஆகவே வாசகர்களே, வாங்கினால் போடுங்கள். நாளைக்கே போடுங்கள். கடைக்குப் பாண், ரொட்டி வாங்கப் போகும்போது போடுங்கள். சேறு பட்டால் துடைத்துக்கொள்ளலாம். நல்ல நாளுக்காக எடுத்து வைத்தால், நல்ல நாளன்று கழற்றி வைக்க வேண்டிவரும்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. இன்டர்வியூ எடுத்த அதே துரையின் ஃபேக்டரியில். இத்தனை வருட வேலைக்குக் கிடைத்ததா, அந்த ஒரு ஜோடி சாக்ஸுக்குக் கிடைத்ததா? எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அதுதான் கொடுமை. உழைத்துச் சம்பாதித்ததையே பிச்சை வாங்கியதுபோல வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன ஞாயிறு குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். சாந்தி புது அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். யோகு மட்டும் கலகலப்பாக இல்லை.

“இப்ப என்ன சப்பாத்து போடுற?” என்று கேட்டேன்.

“செருப்புதான். துரை ரூமுக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ போக வேண்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் லேஸ் அவுத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“ஏன் அவுக்கணும்? அன்னைக்கு சோல் போச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.”

“இப்ப போய்ச் சொன்னா, அன்னைக்கு நான் நடிச்சேன்னு ஆகிரும் மச்சான்.” டீக் கப்பைக் கீழே வைத்தான். “மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் துரை என்னையக் காட்டி, இவரப் பாத்துப் படிங்கன்னுட்டாரு.”

“மத்த ஸ்டாஃப்மாரு என்ன சொன்னாங்க?”

“என்னத்தச் சொல்றது? என்னைய ஒரு பார்வ பாத்தாங்க.”

துரை ரூம் வாசலில் இப்போது தினமும் சப்பாத்துகள் வரிசையாகக் கிடக்கின்றனவாம். எல்லாம் நல்ல சோல் உள்ளவை.