ஓடெல் ஃபொன்டெனோவின் வலது முட்டி

ஓடெல் ஃபொன்டெனோ எட்டு வருடம் சம்பளத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடினான்; பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பந்தைத் தொட்டது ஒரே தடவை. அதையும் நடுவர் கேட்டவுடன் கொடுத்துவிட்டான். அவன் வேலை அது இல்லை. தடுப்பு வரிசையின் நடுவில், நூற்றைம்பது கிலோ உடம்போடு குனிந்து நின்று, எதிரணியில் இரண்டு பேர் வந்து மோதும்போது நகராமல் இருக்க வேண்டும். அவர்கள் இவனோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவன் ஓடிப்போய், பந்து வைத்திருப்பவனைச் சாய்த்துப் பேர் வாங்கிக்கொள்வான். ஓடெலுக்கு அதில் வருத்தமில்லை. லூசியானாவில் நெல்வயல்களுக்கு நடுவே இருந்த அவன் ஊரில் எல்லாருக்கும் அவனைத் தெரியும்.

ஏழாம் வருடம் எதிரணிகள் புதுப் பழக்கம் ஒன்றைப் பிடித்தன. ஒரு மோதல் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும். தடுப்புக்காரர்களுக்கு நாக்குத் தள்ளியது. பயிற்சியாளர் விட்லாக் ஓடெலைத் தனியே கூப்பிட்டார்.

"நான் தொப்பியக் கழட்டினா நீ வலது முட்டியப் பிடிச்சுக்கிட்டு விழுந்துரு. அடிபட்டா ஆட்டத்த நிறுத்தித்தானே ஆகணும்?"

"நான் எதுக்கு கோச்? ஒல்லியா இருக்கறவன் எவனாவது விழட்டுமே."

"அவனுங்களத் தூக்க ஒரு ஆள் போதும். உன்னத் தூக்க நாலு பேர் வரணும். அதுக்குள்ள மத்தவன் தண்ணி குடிச்சு, மூஞ்சி கழுவி, வீட்டுக்கு ஒரு போனே போட்டுருவான்."

லீக்குக்குத் தெரிந்தால் சும்மா விடாது, பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்காதே என்றும் சொன்னார்.

ஓடெல் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. ஓட்டல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து விழுந்து பழகினான். கீழ் அறைக்காரர் இரண்டு முறை புகார் கொடுத்தார். பழக்கம் உடம்பில் எப்படி ஏறிவிட்டதென்றால், ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் ஒலிக்க, விட்லாக் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்ற, ஓடெல் சரிந்துவிட்டான். தேசபக்தியில் மயங்கிவிட்டான் என்றார் டிவியில் பேசியவர். முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று பாராட்டுப் பத்திரம் அனுப்பியது.

ஊரில் அவன் அம்மா எர்லீன் இதையெல்லாம் பார்த்து ஞாயிறுதோறும் அழுதாள். மாலை ஆராதனையில் பாஸ்டர் கில்லரி அந்த முட்டிக்காக ஜெபித்தார். திங்கட்கிழமை காலையில் ஓடெல் பயிற்சியில் குதித்துக்கொண்டிருப்பான். ஒரு வாரம் தவறவில்லை. பாஸ்டரின் ஜெபம் முட்டிக்கு நல்லது என்ற பேச்சு பரவி, பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வர ஆரம்பித்தார்கள்.

ஆட்டப் பருவம் முடிந்து ஊருக்கு வந்த ஓடெல், தேவாலய வாசலில் முட்டி குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களின் வரிசையைப் பார்த்தான்.  அன்று ராத்திரி கம்போ சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

எர்லீன் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பன்னெண்டு வாரமா நல்லா இருக்கற முட்டிக்கா நான் முழங்கால் போட்டேன்? என் முட்டிதாண்டா போச்சு! இனிமே விழமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

செய்தான். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னாலும் எழுந்து உண்மையைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

"என்ன அடக்கம் பாரு, இந்தப் புள்ளைக்கு!" என்றார் ஒருவர்.

ஊரே அத்தை என்று கூப்பிடும் வெர்டி எழுந்தாள். "உனக்கு வலிக்கலன்னு சொல்ற, சரி. எனக்கு வலிச்சுச்சு, இப்ப வலிக்கல. நானும் நடிச்சேங்கிறியாடா?"

ஓடெல் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருப்பா ஓடெல்," என்றார் பாஸ்டர். "நீ நின்னா பின்னாடி உள்ளவங்களுக்கு ஒண்ணும் தெரியல."

எட்டாம் வருடம், மூன்றாவது ஆட்டம். விட்லாக் தொப்பியைக் கழற்றினார். ஓடெல் நின்றான். அவர் மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார். பிறகு விசிறினார். கடைசியில் தரையில் போட்டு மிதித்தார்.

"விழுந்து தொலையேண்டா!" என்று பக்கத்தில் நின்றவன் மூச்சிரைக்கக் கெஞ்சினான்.

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

எதிரே குனிந்திருந்த எதிரணிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "எங்கம்மாவும் இப்படித்தான் சத்தியம் வாங்கும்," என்றான். சொல்லி முடிப்பதற்குள் மோதல் தொடங்கிவிட்டது. அவன் தயாராக இல்லை. ஓடெல் அவனைத் தாண்டிப் போய், பந்து வைத்திருந்தவனைக் கீழே சாய்த்தான். எட்டு வருடத்தில் அது முதல் தடவை. டிவியில் பேசியவர், ஓடெலுக்குப் பக்கத்தில் நின்றவன் பேரைத்தான் சொன்னார். அடுத்த மோதலில் களைத்துப்போன தடுப்பைப் பிளந்துகொண்டு எதிரணி புள்ளி எடுத்தது. ஆட்டமும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஓடெலை நீக்கிவிட்டார்கள். கடிதத்தில் காரணம்: வலது முட்டிக் கோளாறு.

எர்லீன் அதை இரண்டு தடவை படித்தாள். "ஒரே ஒரு தடவ விழுந்திருக்கலாமேடா," என்றாள்.

அவன் அரிசி ஆலையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தான். மூட்டை சரிந்தால் ஆலையில் எல்லாரும் விலகி ஓடுவார்கள். ஓடெல் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டான்.